மெஷினோட வந்த இலவசக் கண்ணாடியை நம்பினேன்: ரெண்டு மாசச் சம்பளம் போச்சு, இடது கண்ணும் பழுது

லேசர் மெஷின் வாங்கப் போறவங்களுக்கு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்துல எவ்வளவு வருதோ தெரியலை.

உலோகத்துல பேர் பொறிக்கிற ஃபைபர் லேசர், 20 வாட். எல்லாச் சாமானும் விக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல வாங்கினேன். விலை என் ரெண்டு மாசச் சம்பளம். பணம் கட்டறதுக்கு முன்னாடி சாட்ல ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், கண்ணுக்கு ஏதாவது ஆகுமான்னு. "கிளாஸ் 1 சார், பயமே வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியும் ஃப்ரீ." கிளாஸ் 1னா சாதாரணமா பயன்படுத்தும்போது கண்ணுக்கு ஆபத்தில்லாத வகை. உடனே பதில் வந்ததுல மயங்கிட்டேன். நாலு பக்கமும் திறந்து கிடக்கிற மெஷின் எப்படி கிளாஸ் 1 ஆகும்? அரை வாட்டைத் தாண்டினாலே கிளாஸ் 4, இருக்கிறதிலேயே ஆபத்தான வகை. சுத்தி மூடின பெட்டி, கதவைத் திறந்தா தானா அணையுற பூட்டு, இதெல்லாம் இருந்தாத்தான் இந்த மாதிரி லேசரை கிளாஸ் 1னு சொல்ல முடியும். இப்போ தெரியுது.

பளபளன்னு ஒரு ஸ்டீல் தகடு, கண்ணுல ஆரஞ்சுக் கண்ணாடி. தகட்டுல தெரிஞ்ச சிவப்புப் புள்ளிதான் லேசர்னு நினைச்சேன். அது வெறும் குறி பார்க்கிற வெளிச்சமாம். பொறிக்கிறது 1064 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாது. தெரியாததால இமையும் மூடாது. ஆனா கண்ணோட லென்ஸ் அதையும் விடாம விழித்திரையில குவிக்கும், சுமார் ஒரு லட்சம் மடங்கு. விழித்திரைக்கு வலி உணர்வும் கிடையாது. தகட்டுல பட்டுத் தெறிச்ச கதிர் இடது கண்ணுக்குள்ள போனப்போ ஒரு சொடுக்கு மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். மறுநாள் படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் நடுவுல ரெண்டு எழுத்தைக் காணோம்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், விழித்திரை மையத்துக்குப் பக்கத்துல தீக்காயம்னார். தழும்பு நிக்கும், சரி பண்ண வழியில்லையாம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தேன். பொடி எழுத்துல 190–540, நானோமீட்டர் கணக்கு. பச்சை வெளிச்சம் வரைக்கும்தான் தடுக்கும். 1064க்கு அது வெறும் ஜன்னல் கண்ணாடி!

கடைக்காரர்கிட்ட சொன்னா முதல்ல "வீடியோ அனுப்புங்க". அனுப்பினேன். அடுத்து "நேரா பார்த்திருப்பீங்க சார்". அப்புறம் "பெட்டியைப் பிரிச்சாச்சே". பிரிக்காம எப்படிய்யா பொறிக்கிறது? தளத்துல கேட்டா "விற்பனையாளரைத் தொடர்பு கொள்ளுங்கள்". இப்படியே பந்தடிச்சு, திருப்பித் தர்ற கெடு முடிஞ்சிடுச்சு. ரெண்டு மாசச் சம்பளம், ஒரு பைசா திரும்பலை.

திரையை ரொம்ப நேரம் பார்க்க முடியலை, சுருக்கமா சொல்லிடறேன். கண்ணாடியோட நிறத்தைப் பார்க்காதீங்க, உங்க மெஷினோட அலைநீளம் அதுல அச்சாகியிருக்கான்னு பாருங்க. அந்த அலைநீளத்துக்கு ஓடி (OD, கண்ணாடி ஒளியை எவ்வளவு தடுக்கும்ங்கிற அளவு) எவ்வளவுன்னு கேளுங்க. ஓடி 6னா பத்து லட்சத்துல ஒரு பங்குதான் உள்ளே வரும். ஐரோப்பிய சிஇ (CE) முத்திரை மட்டும் போதாது, லேசர் கண்ணாடிக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 207 (EN 207) குறியீடு வேணும். மெஷின் லேபிள்ல, லேசர் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60825-1 (IEC 60825-1)படி எந்த கிளாஸ்னு தேடுங்க. மலிவான பச்சை லேசர் பாயிண்டர் வச்சிருக்கறவங்களும் உஷார், அகச்சிவப்பு வடிகட்டி இல்லாததுல கண்ணுக்குத் தெரியாத 808, 1064 நானோமீட்டர் கதிர் ரெண்டும் கசியும்.

இன்னைக்கு அந்தத் தளத்துல பார்த்தேன். அதே மெஷின், அதே ஆரஞ்சுக் கண்ணாடி ஃப்ரீன்னு போட்டு, வேற கடைப் பேர்ல நிக்குது.