4கே மானிட்டரில் எழுத்து: இழுப்பதா, வரைவதா?

24 அங்குல 1080பி மானிட்டரில் (1920 x 1080 பிக்சல், அதாவது திரைப் புள்ளிகள்) பல வருடம் ஓட்டிவிட்டு 27 அங்குல 4கே-வுக்கு (3840 x 2160) மாறினேன். ஒயரைச் செருகியதும் விண்டோஸே 150 சதவீத ஸ்கேலிங்கை, அதாவது எழுத்து, பட்டன் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காகக் காட்டும் அமைப்பை, பரிந்துரைத்தது. இவ்வளவு பெரிய திரையில் இடத்தை எதற்கு வீணாக்க வேண்டும் என்று நான்தான் 100-க்கு இறக்கினேன். படங்கள் பளிச்சென்று இருந்தன, மெனு எழுத்துகளோ எறும்பு வரிசை. பழைய திரையில் அங்குலத்துக்கு 92 புள்ளிகள், இதில் 163. 12 புள்ளி உயரத்தில் வரையப்படும் எழுத்து அங்கே 3.3 மில்லிமீட்டர் இருந்தது, இங்கே 1.9-ஐக்கூடத் தொடவில்லை.

இதைச் சரிசெய்ய நாலு வழி உண்டு: ரெசல்யூஷனை (திரைப் புள்ளிகளின் எண்ணிக்கையை) குறைப்பது, எழுத்தை மட்டும் பெரிதாக்குவது, ஒவ்வொரு மென்பொருளிலும் தனித்தனியாக ஜூம் செய்வது, மொத்தத்துக்கும் ஸ்கேலிங் வைப்பது. நாலையும் பார்த்துவிட்டு, முதலில் வேண்டாம் என்று தள்ளிய அதே 150 சதவீத ஸ்கேலிங்குக்கே திரும்பி வந்தவன் நான். எனவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லா வழியையும் ஒரே கேள்வியால்தான் எடைபோட்டேன். எழுத்தைப் பெரிய அளவில் புதிதாக வரைகிறார்களா, அல்லது சின்னதாக வரைந்து முடித்ததை இழுத்துப் பெரிதாக்குகிறார்களா? எழுத்துரு என்பது கோடும் வளைவுமாகச் சேமிக்கப்பட்ட வடிவம், எந்த அளவிலும் கூர்மையாக வரையலாம். ஒருமுறை புள்ளிகளாக்கிவிட்டால் அது வெறும் படம். பலூனில் பேனாவால் எழுதிவிட்டு ஊதிப் பாருங்கள், எழுத்து பெரிதாகும், கூடவே வெளிறியும் போகும்.

ரெசல்யூஷனை 1920 x 1080-க்கு இறக்குவது பலூன் வேலை. ஒரு புள்ளி நான்காக மாறுவதால் கச்சிதமாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் பெரும்பாலான மானிட்டர்களும் கிராஃபிக்ஸ் கார்டுகளும் இடையில் புகுந்து விளிம்புகளைப் பூசி மெழுகிவிடும். பூசாமல் அப்படியே நான்காக்கும் வசதி சில கார்டுகளில் உண்டு. அதைப் போட்டாலும் 27 அங்குலத்தில் அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளிதான், அதாவது என் பழைய திரையைவிடக் கரடு. 2560 x 1440 இன்னும் மோசம்: ஒரு புள்ளி ஒன்றரையாக மாற வேண்டும், அரைப் புள்ளிக்குத் திரையில் ஏது இடம்?

ஆங்கிலம் மட்டும் படிப்பவர் இதைப் பொறுத்துக்கொள்ளக்கூடும். தமிழில் சோதனை வேறு. ‘கொள்’ என்பதையும் ‘கோள்’ என்பதையும் சின்ன எழுத்தில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரிப்பது மேலே உள்ள ஒரு சுழிதான். புள்ளிகள் போதாத இடத்தில் அந்தச் சுழி அடைந்துபோய் இரண்டும் ஒன்றாகின்றன. மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் அதே கதைதான். 150 சதவீத ஸ்கேலிங்கில் 12 புள்ளி எழுத்து 18 புள்ளியில் புதிதாக வரையப்படுவதால் சுழிக்குள் வெள்ளை தெரிகிறது. என் வேலையில் பாதி மெய்ப்புப் பார்ப்பது, எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

எழுத்தை மட்டும் பெரிதாக்கும் வசதி விண்டோஸ் 10-இல் 2018 கடைசியில் திரும்பி வந்தது. 225 சதவீதம் வரை போகலாம். எழுத்து புதிதாகத்தான் வரையப்படுகிறது, அதுவரை சரி. சிக்கல் எங்கே என்றால், எழுத்து வளரும் அளவுக்கு அது உட்கார்ந்திருக்கும் பெட்டி எல்லா இடத்திலும் வளர்வதில்லை. ஒரு மென்பொருளை மூடும்போது வந்த டயலாக்கில் ‘சேமிக்க வேண்டாம்’ என்ற பட்டன் வெட்டுப்பட்டு ‘சேமிக்க’ என்று மட்டும் நின்றது. நம்பி அமுக்கினேன். அன்றைக்கே அந்த ஸ்லைடரைப் பழையபடி 100-க்குத் தள்ளிவிட்டேன்.

தனித்தனி ஜூம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரவுசரில் அருமை, குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் வைத்த அளவை நினைவிலும் வைத்துக்கொள்ளும். ஆனால் வேர்டில் ஜூம் செய்தால் ஆவணம்தான் பெரிதாகும், மேலே இருக்கும் மெனு அப்படியே எறும்புதான்.

ஸ்கேலிங்கிலும் பலூன் ஒளிந்திருக்கிறது, பழைய மென்பொருள்களில். எந்த அளவிலும் நானே வரைந்துகொள்கிறேன் என்று விண்டோஸிடம் சொல்லும் நிரல்களுக்குப் பிரச்சினை இல்லை. சொல்லாதவற்றை அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற பழைய கணக்கிலேயே வரையவிட்டு, வந்த படத்தை விண்டோஸ் இழுக்கிறது. எழுத்தெல்லாம் வேர்த்த கண்ணாடி வழியே பார்ப்பது போல இருக்கும். சொல்லிவிட்டுச் செய்யாதவை மூன்றாவது ரகம். ஜாவா என்ற நிரல்மொழியின் 8-ஆம் பதிப்பில் ஓடும் பல நிரல்கள் விண்டோஸில் இப்படித்தான் குறுகிப்போய் நிற்கும், 2017-இல் வந்த ஜாவா 9-இல்தான் இதற்கு வழி பிறந்தது.

நான் விட முடியாத ஒரு பழைய கணக்கு மென்பொருள் இரண்டாவது ரகம். அதன் எக்ஸி கோப்பில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அங்கே ஹை டிபிஐ செட்டிங்ஸ். மூன்று தேர்வுகள் உண்டு. ‘அப்ளிகேஷன்’ என்று வைத்தால் கூர்மையாக, ஆனால் கடுகளவில் வந்தது. ‘சிஸ்டம்’ என்று வைத்தால் பழைய மங்கல். ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ என்றதும் எண்களும் தலைப்புகளும் சட்டென்று தெளிந்தன. விண்டோஸின் பழைய ஜிடிஐ முறையில் வரையப்படும் எழுத்தை மட்டும் பிடித்துப் பெரிய அளவில் வரைகிறது அது. வேறு முறையில் வரையும் நிரலிடம் அதன் வித்தை பலிக்காது. ஒரு முறை செய்தால் போதும், தினமும் நோண்ட வேண்டியதில்லை.

ஏன் 150? பழைய திரையின் எழுத்து அளவே வேண்டுமென்றால் கணக்குப்படி 175-தான் சரி. 150-இல் 2560 x 1440 அளவுக்கு வேலையிடம் கிடைக்கிறது, 200-இல் அது மறுபடியும் 1920 x 1080. திரையைக் கொஞ்சம் கிட்டே இழுத்து வைத்திருப்பதால் எனக்கு 150 ஒத்துப்போகிறது. தள்ளி உட்காருபவர்கள் 175-இல் தொடங்கலாம். 32 அங்குலம் என்றால் அங்குலத்துக்கு 138 புள்ளிதான், அங்கே 125-கூடப் போதலாம். நான் அதில் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை.

மேக்கில் எனக்குச் சில வாரப் பழக்கம்தான். இதே 4கே திரைக்கு 2560 x 1440 போன்ற அளவைக் கேட்டால் அது 5120 x 2880-இல் வரைந்து பிறகு சுருக்குகிறது. சுருக்கினாலும் லேசாக மென்மை தட்டும், இழுப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பழைய மானிட்டரை 100 சதவீதத்தில் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கணக்கு மென்பொருளின் ஐகான்கள் மட்டும் 4கே திரையில் இன்னும் மங்கல்தான், அவை படங்கள், என்ஹான்ஸ்டு அவற்றைத் தொடுவதில்லை. பிரிண்டர் ஐகானைத் தேடாமல் கண்ட்ரோல் பி அடிக்கப் பழகிவிட்டேன்.