பார்க்கின்சன் குரலுக்கு எந்தப் பயிற்சி?

"கொஞ்சம் சத்தமா பேசுங்கப்பா" என்றால், "கத்திக்கிட்டுதானேடா இருக்கேன்!" என்று அவருக்குக் கோபம் வரும். பார்க்கின்சன் நோய் (நடுக்குவாதம்) உள்ள வீடுகளில் இது தினசரிச் சண்டை. தன் குரல் இறங்கிப்போனது அவருக்கு உறைப்பதில்லை. சரியான அளவில் பேசினாலே கத்துவதுபோலத் தோன்றும்.

எல்எஸ்விடி லவுட் என்ற குரல் பயிற்சி கைவைப்பது இந்தக் கோளாறில்தான். அமெரிக்காவில் லொரெய்ன் ரேமிக் குழுவினர் 1987ல் உருவாக்கிய முறை. லீ சில்வர்மன் என்ற பார்க்கின்சன் நோயாளியின் பெயர் இதற்கு. தினம் ஒரு மணி நேரம், வாரம் 4 நாள், 4 வாரம். அதுபோக வீட்டுப்பாடம். முதலில் முடிந்தவரை நீளமாக, உரக்க ஒரு 'ஆ...'. அப்புறம் அவர் அன்றாடம் சொல்கிற பத்து வாக்கியங்கள்: "காபி ஆறிப்போச்சு", "ஃபேனைப் போடு". நாக்கை இங்கே வை, உதட்டை அப்படிக் குவி என்றெல்லாம் கிடையாது. சத்தம் ஒன்றே குறி. அது ஏறினால் உச்சரிப்பும் பெரும்பாலும் கூடவே தெளியும்.

அதற்குப் பதில், வழக்கமான பேச்சுப் பயிற்சிக்கு அவ்வப்போது போய்வந்தால் போதாதா? பிரிட்டனில் 388 பேரிடம் இந்த இரண்டையும், பயிற்சியே இல்லாமல் விடுவதையும் ஒப்பிட்டார்கள்; 2024ல் முடிவு வந்தது. குரலால் படும் அவதி லவுட் குழுவில் தெளிவாகக் குறைந்தது. அங்கே தரப்படும் வழக்கமான பயிற்சிக்கும் பயிற்சியே இல்லாததற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தொண்டை கரகரப்பு லவுட் குழுவில்தான் அதிகம்.

டெக்சாஸில் பிறந்த 'ஸ்பீக் அவுட்' என்ற இன்னொரு பயிற்சி சத்தத்தைச் சொல்லாமல், "மனசு வச்சுப் பேசுங்க" என்கிறது. தனிப்பயிற்சி முடிந்ததும் குழுவாகத் தொடரலாம். தனியாக வீட்டுப்பாடம் செய்யாத ஆளுக்கு இது ஒத்துவரும்.

கடைசியாக, டீச்சர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் மைக். அன்றைக்கே பலன். ஆனால் குழறலையும் சேர்த்தே பெரிதாக்கும். கல்யாண மண்டபத்துக்குச் சரி, சிகிச்சைக்குப் பதிலாகாது.

என் ஓட்டு லவுட்டுக்கு. மாதத்தில் 16 முறை ஆட்டோ பிடிக்க முடியாதென்றால் வீடியோ அழைப்பிலும் செய்யலாம். பேச்சுக் குழறலுக்குக் காரணம் ஏஎல்எஸ் (தசையை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய்) என்றால் மட்டும் இந்தப் பக்கமே போகவேண்டாம். அங்கே தசையைக் களைக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை, அந்த மைக்தான் தோது.