ஆபத்தைச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடர் அட்டைகள்: காசுக்குத் தகுமா?

வெள்ளவத்தைப் புத்தகக் கடையொன்றில் விற்கும் இந்தப் பெட்டியில், ஒரு பக்கம் ஆங்கிலத் தொடரும் படமும், மறுபக்கம் தமிழ் விளக்கமும் அச்சிட்ட அட்டைகள் இருக்கின்றன. எல்லாமே ஆபத்து, துணிச்சல், தப்பிப் பிழைத்தல் பற்றியவை. விளக்கங்கள் பெரும்பாலும் சரி. ‘பிட்வீன் த டெவில் அண்ட் த டீப் புளூ சீ’க்கு இருதலைக் கொள்ளி எறும்பைப் போட்டவருக்கு இரண்டு மொழியும் கைவந்திருக்கிறது.

குறை வேறு இடத்தில். யார், யாரிடம், எந்த வாக்கியத்தில் சொல்லலாம் என்று எந்த அட்டையிலும் இல்லை. ‘அவுட் ஒஃப் த வுட்ஸ்’ என்றால் ஆபத்து நீங்கியது என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் ‘நொட்’, ‘யெட்’ சேர்ந்தே வரும்: கண்டம் இன்னும் தாண்டாத நோயாளியைப் பற்றி, ‘ஹீ இஸ் நொட் அவுட் ஒஃப் த வுட்ஸ் யெட்.’ ‘யூ ஆர் ஒன் தின் ஐஸ்’ (ஆபத்தான நிலையில் நிற்கிறாய்) என்று மேலாளர் ஊழியருக்குச் சொன்னால் எச்சரிக்கை. ஊழியர் திருப்பிச் சொன்னால் வேலைக்கே உலை.

மோசமானது ‘நியர் மிஸ்’, ‘க்ளோஸ் ஷேவ்’ இரண்டுக்கும் ‘மயிரிழையில் தப்புதல்’ என்று ஒரே விளக்கம் கொடுத்தது. முன்னது பாதுகாப்புத் துறையின் சொல். துறைமுகத்திலோ கட்டட வேலைத்தளத்திலோ, காயமும் சேதமும் இல்லாமல் போன, ஆனால் விபத்தாகியிருக்கக்கூடிய சம்பவத்தை அந்தப் பெயரில்தான் பதிவார்கள். பின்னது கன்டீன் பேச்சு. அறிக்கையில் எழுதினால் சிரிப்பார்கள்.

இலக்கணமும் இல்லை. ‘ரிஸ்க்’ வினையாக வந்தால் அடுத்த வினை ‘இங்’ ஏற்கும்: ‘ரிஸ்க் லூசிங்’ சரி, ‘ரிஸ்க் டு லூஸ்’ பிழை. ‘ரன் த ரிஸ்க் ஒஃப்’புக்குப் பின்னும் அப்படியே. இங்கே அதிகம் விழும் பிழை இதுதான்.

படங்களில் இரண்டைச் சொல்லவேண்டும். நிலக்கரிச் சுரங்கக் கேனரிக் குருவி அருமை: மணமில்லாத கார்பன் மொனொக்சைட்டு மனிதரைத் தாக்குமுன் குருவி சோர்ந்துவிடும், பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரை இந்த வழக்கம் இருந்தது. ஆகவே கேனரி ஆபத்தைக் குறிக்காது, முன்னறிகுறியைக் குறிக்கும். பல பக்கத் தாக்குதலுக்கு நடுவே போவதைச் சொல்லும் ‘ரன் த கோண்ட்லெட்’டுக்கு இரும்புக் கையுறை வரைந்தது தவறு. அது இரு வரிசை ஆட்கள் அடிக்க நடுவே ஓடவிடும் பழைய இராணுவத் தண்டனை. அந்தச் சொல் சுவீடிஷ் மொழியிலிருந்து வந்தது. கையுறை, சவால் விடுவதைச் சொல்லும் ‘த்ரோ டவுன் த கோண்ட்லெட்’டுக்கு உரியது.

அட்டை மெல்லிசு, கொழும்புப் புழுக்கத்தில் சுருளும். லமினேட் செய்யுமுன் தமிழ்ப் பக்கத்தின் அடியில் சொந்தமாக ஒரு முழு வாக்கியமும், ‘பேச்சு’ அல்லது ‘எழுத்து’ என்ற குறிப்பும் எழுதிவிடுங்கள். நாளுக்கு ஐந்து அட்டை போதும். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் திரும்பப் பாருங்கள். திருத்த ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் வாங்கலாம். தனியே படிக்கும் உயர்தர மாணவருக்கு, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ள நல்ல கற்போர் அகராதியே மேல்.