கழகப் பொருளாளரா, லீக் அணியின் அலுவலகமா?

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்துவிட்டு, "விளையாட்டோட சேர்ந்த வேலை வேணும்" என்று நிற்கும் தம்பிமாருக்கு இரண்டு வழி தெரிகிறது.

ஒன்று, லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட் அணியொன்றின் அனுசரணைப் பிரிவு, அதாவது ஸ்பொன்சர் பிடிக்கும் பிரிவு. பெயர் பெரிது. ஆனால் 2020இல் நடந்த முதல் தொடரையே பாருங்கள்: 5 அணி, 23 போட்டி, மூன்று வாரம், சரி, முடிந்தது. யாழ்ப்பாணத்தின் பெயரில் கிண்ணம் வென்ற அணிகூட எல்லா ஆட்டத்தையும் அம்பாந்தோட்டையில்தான் ஆடியது. மிச்ச மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

மற்றது, கிளிநொச்சிப் பக்கம் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் பொருளாளர் பதவி. சம்பளம் இல்லை. அரிசி ஆலைக்காரரிடம் போய் ஜேர்சிக்குக் காசு கேட்க வேண்டும். "பேர் முதுகிலயோ, நெஞ்சிலயோ வரும்?" என்பார் அவர். நெஞ்சுக்கு ஒரு விலை, முதுகுக்கு ஒரு விலை என்று அந்த இடத்திலேயே சொல்லத் தெரிந்தால் அனுசரணை வியாபாரத்தில் பாதி கைவந்த மாதிரி. அப்புறம் பற்றுச்சீட்டு, கணக்கறிக்கை, பொதுக்கூட்டத்தில் வாங்கும் ஏச்சு.

நான் இரண்டாவதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன், இரண்டு வருடத்துக்கு. சாப்பாட்டுக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டுதான்.