வேனுக்குள் சக்கர வண்டிகளைக் கட்டும் ராட்செட் பட்டை: பயன்படுத்திய பின் என் மதிப்பீடு

வேனின் பக்கச் சுவரில் பொருத்தும் இரும்புச் சட்டமும் அதில் மாட்டி, கைப்பிடியை இழுத்து இறுக்கும் ராட்செட் பட்டைகளும் அடங்கிய இந்தத் தொகுப்பை, சரக்குக் கூண்டு வண்டிகளை (சக்கரம் வைத்த கம்பிக் கூண்டுகளை) ஏற்றிச் செல்வதற்காகச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கூண்டு வண்டியின் சக்கரத்தில் பிரேக் இருக்கும்போது பட்டை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. திடீரென வேனை நிறுத்தினால் சரக்கின் எடையில் 0.8 பங்கு விசை முன்னோக்கித் தள்ளும் என்ற கணக்கில்தான் ஐரோப்பியத் தரநிலையான இஎன் 12195-1 சரக்கைக் கட்டும் முறையை வகுக்கிறது. 300 கிலோ வண்டிக்கு அது 240 கிலோ எடைக்குச் சமம் என்பதால், சக்கரத்தை அழுத்தும் ஒரு சிறு பிரேக்கை நம்பிப் பயணிக்க முடியாது.

பிடிமானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கைப்பிடியை நான்கைந்து முறை இழுத்ததும் வண்டி சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் இறுக்கினால் கூண்டின் கம்பிதான் வளையும். இறக்கும்போதுதான் சிக்கல். ராட்செட் படிப்படியாகத் தளராமல் ஒரேயடியாக விடுபடுவதால், சரிவான இடத்தில் வேன் நின்றிருந்த ஒருநாள், பட்டையில் சாய்ந்திருந்த வண்டி கதவை நோக்கி உருண்டு என் முழங்காலில் மோதியது. இப்போது சமதளத்தில் நிறுத்தி, சக்கரப் பிரேக்கை மிதித்த பின்னரே, வண்டிக்குப் பக்கவாட்டில் நின்று பட்டையை அவிழ்க்கிறேன். பெட்டியோடு வந்த விளக்கத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.