எஸ்எஸ்டியா, ரேமா, வேறு கணினியா? மலையகத்துப் பழைய மடிக்கணினிகளுக்கு என் கணக்கு

போன மாதம் ஒரு மழை நாளில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். துவாயால் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் உறையிட்ட மடிக்கணினி. மகள் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். கணினியைப் போட்டால் திரை வர ஏழு நிமிடம். கட்டுரை ஒன்றைத் திறக்க இன்னும் மூன்று நிமிடம். “தம்பி, இது திருந்துமா, இல்லை வேறு ஒன்று வாங்கத்தான் வேண்டுமா?” என்று அம்மா கேட்டார்.

ஹட்டனில் என் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கொண்டு வருவது இந்தக் கேள்வியைத்தான். முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதே வேலையை வேகமாகச் செய்யும் எஸ்எஸ்டி போடலாம். திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமைக் கூட்டலாம். இரண்டையும் விட்டுவிட்டு வேறு கணினி வாங்கலாம். விற்கிறவர்கள் மூன்றாவதிலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள். நான் முதலாவதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். 2022இல் ரூபா விழுந்த பிறகு கணினி விலை எங்கள் வீடுகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. சீட்டுப் பிடித்தும் நகையை அடகு வைத்தும் வாங்குகிற வீட்டில், எதை முதலில் செய்வது என்பது சின்ன விடயம் அல்ல.

பணம் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம்

கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அந்தப் பிள்ளையின் கணினியில் நான் பார்த்தது இது: டிஸ்க் 100 வீதம், ரேம் 71 வீதம், கணினியின் மூளையான புரொசெசர் 9 வீதம். டிஸ்க் நூறு வீதம் உழைத்தும் அது கொண்டுவந்து கொடுத்தது வினாடிக்கு இரண்டு எம்பி மட்டும். மூளை சும்மா இருக்கிறது, கால்தான் ஓடிக் களைக்கிறது.

காரணம் எளிது. மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும், அதாவது வினாடிக்கு 90 தடவை. ஒவ்வொரு சிறு கோப்புக்கும் ஊசிமுனை இடம் மாறி, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே ஆள் மலை முழுக்க ஓடி ஒவ்வொரு கொழுந்தாகக் கிள்ளி வருவது போன்ற வேலை. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. எங்கே இருந்தாலும் உடனே எடுக்கும். வினாடிக்கு நூறு இடங்களைத் தொடவே தடுமாறும் ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில், பல்லாயிரம் இடங்களைத் தொடும் ஒன்று வருகிறது.

இங்கே ஒரு மயக்கம் உண்டு. ரேம் பற்றாவிட்டாலும் டிஸ்க் நூறு வீதம் காட்டும். இடம் போதாதபோது விண்டோஸ் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் இறக்கி வைத்து, தேவைப்படும்போது திரும்ப ஏற்றுகிறது. அதனால் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ரேம் 90 வீதத்துக்கு மேலேயே நின்றால் அதுவும் குற்றவாளிதான். அப்போதும் நான் எஸ்எஸ்டியைத்தான் முதலில் போடச் சொல்வேன். ரேம் பற்றாத கணினியில் எஸ்எஸ்டி இருந்தால் இறக்கி ஏற்றும் வேலை வேகமாக நடக்கும், சமாளிக்கலாம். ஆனால் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் ரேமை மட்டும் கூட்டினால், ஏழு நிமிடக் காத்திருப்பு அநேகமாக அப்படியேதான் இருக்கும்.

டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளையும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால் வேகப் பேச்சை நிறுத்திவிட்டு, முதலில் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்தில் பிரதி எடுங்கள். அந்த டிஸ்க் எந்த நாளும் நிற்கலாம்.

பொருத்தும் இடத்தில்தான் பணம் போகிறது

எஸ்எஸ்டி என்று கேட்டால் கடையில் மூன்று விதம் காட்டுவார்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில், அதே இணைப்பு முறையில் அப்படியே உட்காரும் 2.5 அங்குல சாட்டா. சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 சாட்டா. அதே உருவத்தில், வேறு இணைப்பு முறையில் இன்னும் வேகமாக ஓடும் என்விஎம்இ. பின்னிரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். பொன்னிறக் கால்களின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. 2016, 2017 காலத்துக் கணினிகள் பலவற்றில் எம்.2 இடம் இருந்தும் அது சாட்டாவை மட்டுமே ஏற்கும். என்விஎம்இ உள்ளே போகும், திருகாணியும் இறுகும், கணினி மட்டும் அதைக் காணாது.

வேகத்தில் பார்த்தால் சாட்டா வினாடிக்குச் சுமார் 550 எம்பி, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ சுமார் 3,500 எம்பி. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. கட்டுரை எழுத, சூம் வகுப்பில் இருக்க, இணையம் பார்க்க இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கைக்குத் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வருவதுதான் பெரிய தாவல்.

ரேமில் பிழை விடுவது இன்னும் எளிது. பழைய ரேம் வகைகளான டிடிஆர்3க்கும் டிடிஆர்3எல்லுக்கும் 204 கால்கள்தான், வெட்டும் ஒரே இடத்தில். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட். நான்காம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகள் 1.35 வோல்ட்டுக்கானவை. சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் “இரண்டும் ஒன்றுதான்” என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி வாங்கி வந்து, கறுப்புத் திரைக்கு முன் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். இப்போது பழைய துண்டைக் கழற்றி, அதன் ஒட்டுத்தாளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டுதான் எதையும் வாங்குகிறேன். அடுத்து வந்த டிடிஆர்4 என்றால் 260 கால், 1.2 வோல்ட். அது பழைய இடத்தில் நுழையவே நுழையாது.

இன்னொன்றும் பாருங்கள். பழைய கணினியில் 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால், 8 ஜிபி ரேம் போட்டாலும் அது நாலுக்கு மேல் பயன்படுத்தாது. ரேம் வாங்கும் முன் அதை உறுதி செய்யுங்கள்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் வாங்கினால் தெரிவு அதிகம். ஆனால் ஹட்டனிலிருந்து போய்வர ஒரு முழு நாள், பஸ் செலவு, ஒரு நாள் பேர் (தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம்). தவறான பாகம் என்றால் மறுபடியும் ஒரு நாள். உள்ளூரில் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும், பொருத்திப் பார்த்துவிட்டுப் பணம் வாங்கும் கடை கிடைத்தால் அதுதான் எனக்கு மலிவு.

டிரைவர்: எங்கிருந்து எடுப்பது

புது எஸ்எஸ்டியில் பழையதை அப்படியே பிரதி செய்வதா, விண்டோஸைப் புதிதாகப் போடுவதா? பழையது சுத்தமாக இருந்தால் பிரதி. வைரஸும் குப்பையும் சேர்ந்திருந்தால் புதிது. புதிதாகப் போட்டால் எங்கள் பக்கத்தில் உடனே வரும் சிக்கல் ஒன்று: வைஃபை டிரைவர் (அந்தப் பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்) இருக்காது, டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். லயன் வீட்டில் கம்பி இணைப்பு ஏது? வழி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அன்ட்ரொய்ட் கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, கைபேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். விண்டோஸ் அதை நெட்வேர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். இதற்காகவே கடை தேடி மலை இறங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இணைப்புக் கிடைத்ததும், விண்டோஸ் அப்டேட் தானாகவே பெரும்பாலான டிரைவர்களைக் கொண்டுவந்துவிடும். டேட்டா தின்னும் என்பதால் நள்ளிரவுக்குப் பிறகான இரவு டேட்டாவுக்கு விட்டுவிடுங்கள். மீதம் ஏதாவது வேலை செய்யாவிட்டால், கணினியின் அடியிலுள்ள இலக்கத்தைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் தேடுவதே இரண்டாவது வழி. டச்பேட், ஒலி, விசேட விசைகள் ஆகியவற்றுக்கு இந்த வழியையே நான் அதிகம் நம்புகிறேன். அந்த மாதிரிக்கென்றே ஒழுங்கு செய்தவை அவை.

எல்லா டிரைவரையும் ஒரே அழுத்தில் போட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் தொடுவதில்லை. கேட்காத விளம்பர மென்பொருளும் சேர்ந்து வரும், பொருந்தாத டிரைவரைத் திணித்துவிட்டால் எதைக் கழற்றுவது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போகும். விண்டோஸில் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஒரு பாகத்துக்கு மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், அதன் அடையாள இலக்கமான ஹார்ட்வெயர் ஐடியைப் பாருங்கள். 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் புரோட்கொம். யாருடைய சில்லு என்று தெரிந்த பிறகு தேடுவது எளிது. அங்கேயே பிழை இலக்கமும் இருக்கும். கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10 அல்லது 43 என்றால் டிரைவர் இருந்தும் பாகம் ஒத்துழைக்கவில்லை, அப்போது பாகத்தையும் சந்தேகிக்க வேண்டும். ஓர் அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது நின்றுபோனால், புதிதாகத் தேடும் முன், முந்தைய டிரைவருக்குத் திரும்பும் ‘ரோல் பேக்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

வேறு கணினி எப்போது

மதர்போர்ட் எரிந்திருந்தால், ரேம் ஒட்டிப் பொருத்தப்பட்டு இரண்டு ஜிபியோடு நின்றால், கீல் உடைந்து திரையும் போயிருந்தால், பணத்தைக் கொட்ட வேண்டாம். அப்போது பாவித்த அலுவலகக் கணினிகளைப் பார்க்கலாம். திங்பேட், லட்டிடியூட், எலீட்புக் போன்ற வரிசைகள் வீட்டுப் பாவனைக்கான மலிவுக் கணினிகளைவிடக் கழற்றவும் திருத்தவும் வசதியானவை. ஆனால் புரொசெசர் இலக்கத்தை வாசிக்காமல் வாங்காதீர்கள். ஐ5-7200யூவுக்கும் ஐ5-8250யூவுக்கும் பெயரில் சின்ன வித்தியாசம்தான். முன்னதில் இரண்டு கோர், பின்னதில் நான்கு. இன்டெலில் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதும் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் (8250இன் முதல் 8 அதைத்தான் குறிக்கிறது), டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் நின்றது. தனிப் பாவனையாளருக்கான பாதுகாப்பு நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான்.

பழைய கணினியைக் காப்பாற்ற நினைப்பவருக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நல்ல மாற்று. நாலு ஜிபி ரேமிலும் ஓடும், பெரும்பாலான டிரைவர்கள் அதற்குள்ளேயே வரும். புரோட்கொம் வைஃபை மட்டும் சில வேளை தொல்லை தரும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பது பெரிய வசதி. ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் மறக்காமல் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும்.

அந்தப் பிள்ளையின் கணினிக்கு வருகிறேன். அடிமூடியைக் கழற்றியதும் விசிறியின் வாயில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று அடைத்திருந்தது. விறகடுப்புப் புகையின் பிசினில் தூசி ஒட்டி இறுகியது. நகத்தால் கிளப்பினால் தட்டையாக, ஒரே துண்டாக வந்தது. காற்றுப் போக வழியில்லாத கணினி சூட்டைத் தாங்க முடியாமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எஸ்எஸ்டி போட்டாலும் இது இருந்தால் பாதிப் பயன்தான். சமையலறைப் பக்கம் கணினி வைக்கும் வீடுகளில் வருடத்துக்கு ஒரு தடவை இதைத் துடைத்து, புரொசெசருக்கு மேலே காய்ந்த பசையையும் மாற்ற வேண்டும். மிஸ்ட் இறங்கும் மாலையில் வெளியிலிருந்து குளிர்ந்து வந்த கணினியை, உள்ளே ஈரம் படிந்திருக்கலாம் என்பதால், ஒரு மணித்தியாலம் அப்படியே வைத்துவிட்டுப் போடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

ஆறாம் தலைமுறை ஐ3, நாலு ஜிபி டிடிஆர்4, ரேமுக்கு இன்னும் ஓர் இடம் காலி. 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, பழையதைப் பிரதி செய்து, விசிறியைத் துடைத்தேன். திரை வர இருபது வினாடிக்குள்தான் ஆனது. மகள் கட்டுரையைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து பார்த்தாள். ரேமை அடுத்த சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, பழைய துண்டின் விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அம்மா அதை நாலாக மடித்து, பஸ் டிக்கெட்டோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்தார்.