ஒரு வார இடைவெளியில் வந்த இரண்டு படங்கள்: ‘லப்பர் பந்து’, ‘மெய்யழகன்’

2024 செப்டம்பர் 20 அன்று ‘லப்பர் பந்து’ வெளியானது. அடுத்த வெள்ளிக்கிழமையே ‘மெய்யழகன்’ வந்தது. இரண்டையும் நானும் என் நண்பரும் சேர்ந்தே பார்த்தோம். முதல் படம் முடிந்து வெளியே வந்ததும் நான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் நண்பர் வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. அன்று தொடங்கிய விவாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை. எனக்கு ‘லப்பர் பந்து’தான் மேலான படம், அவருக்கு ‘மெய்யழகன்’. இருவர் தரப்பையும் என்னால் இயன்றவரை நேர்மையாக இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்று ஊர்ப்புறக் கிரிக்கெட்டைப் பற்றியது, மற்றது ஒரு கல்யாணத்துக்காகச் சொந்த மண்ணுக்குத் திரும்புகிறவரைப் பற்றியது. ஆனால் அடியில் ஓடுவது ஒன்றே. இரண்டிலும் கதையை நகர்த்துவதற்கென்று ஒரு கொடியவன் தேவைப்படவில்லை. ஆண்கள் தங்கள் மனத்தில் இருக்கும் மதிப்பையும் அன்பையும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தவிப்பதே இரண்டு படங்களின் கருவும்.

தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படமான ‘லப்பர் பந்து’ இதை மோதலின் வழியாகச் சொல்கிறது. நாற்பதைத் தாண்டிய பிறகும் மட்டையைக் கீழே வைக்க மனமில்லாமல், மனைவிக்குத் தெரியாமல் ஆடப் போகும் கெத்து (அட்டகத்தி தினேஷ்) ஒரு பக்கம். அவர் ஆட்டத்தின் பலத்தையும் பலவீனத்தையும் அணு அணுவாக அறிந்த இளைஞன் அன்பு (ஹரிஷ் கல்யாண்) மறுபக்கம். மைதானத்தில் உரசல் முற்றிய பிறகுதான், தான் காதலிக்கும் துர்காவின் அப்பா இவர் என்பது அன்புவுக்குத் தெரியவருகிறது. கேட்பதற்குப் பழகிய கதைபோலத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் ஆட்டத்தை மற்றவர் எந்த அளவுக்கு மதிக்கிறாரோ அந்த அளவுக்குத்தான் கோபமும் வருகிறது என்பதை இயக்குநர் ஒரு வசனத்தில்கூட விளக்காமல், பந்து வருவதற்கு முன் இருவரும் நிற்கும் நிற்பிலேயே காட்டிவிடுகிறார். எதிரே நிற்பவனின் திறமை தெரிந்தவனுக்குத்தான் அவனிடம் தோற்பது அவமானமாக இருக்கும். ஹரிஷ் கல்யாணும் அட்டகத்தி தினேஷும் இந்த நுட்பத்தை விட்டுக்கொடுக்காமல் நடித்திருக்கிறார்கள்; குறிப்பாகத் தினேஷ், வயதாவதை ஒப்புக்கொள்ளாத ஒருவரின் வீம்பை உடல்மொழியிலேயே கொண்டுவந்திருக்கிறார்.

பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ இதற்கு நேர்மாறான பாதையில் போகிறது. 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த அருள்மொழி, 22 ஆண்டுகள் கழித்துத் தங்கை முறையான புவனாவின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். தலையைக் காட்டிவிட்டு இரவே கிளம்பிவிட வேண்டும் என்பதே அவர் எண்ணம். அங்கே ‘அத்தான்’ என்று உரிமையோடு ஒட்டிக்கொள்ளும் உறவுக்காரர் (கார்த்தி) ஒருவரின் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கடைசிப் பேருந்தும் போய்விட, அந்த இரவு முழுவதையும் பெயர் தெரியாத அந்த மனிதரின் வீட்டில் கழிக்க நேர்கிறது. மையக் கதை இவ்வளவுதான்.

மணமேடையில் அருள் தான் கொண்டுவந்த கொலுசைப் புவனாவின் கால்களில் தானே மாட்டிவிடும் காட்சியைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. மேடையில் கூட்டம் நிற்கிறது, புகைப்படத்துக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவர் குனிந்து உட்கார்கிறார். அத்தனை ஆண்டுகள் வராமல் இருந்ததற்கு மன்னிப்பு என்ற சொல் வரவே இல்லை. மணப்பெண்ணின் கண்களும் அண்ணனின் கைகளும் போதுமானவையாக இருக்கின்றன. அரவிந்த்சாமியின் இத்தனை ஆண்டு நடிப்பில் இதற்கு இணையாக ஒரு காட்சியை என்னால் எடுத்துச் சொல்ல முடியவில்லை.

கருத்து பிரிவது அதற்குப் பிறகுதான். மூன்று மணி நேரத்தை எட்டும் நீளத்தோடு வெளியான அந்தப் படத்தில், சில நாட்களிலேயே ஏறக்குறைய 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. இரவுப் பேச்சில் கார்த்தியின் கதாபாத்திரம் வரலாற்றுக்கும் போருக்கும் போராட்டங்களுக்கும் தாவும் இடங்களை அறிவிப்புப் பலகைபோல உணர்ந்தவன் நான். ஆகவே குறைத்தது சரிதான் என்றேன். நண்பருக்குக் கோபமே வந்துவிட்டது. “விருந்துக்குப் போன வீட்டில், பேச்சு நீளுகிறதென்று யாராவது பாதியில் எழுந்து வருவார்களா? அந்த மனுஷன் இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்ததை ஒரே ராத்திரியில் கொட்டுகிறான். அதை வெட்டினால் அவனையே வெட்டின மாதிரிதான்,” என்றார். இந்த வாதம் என்னை அசைத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மறுமுறை பார்த்தபோது, விருந்தாளியை விட மனமில்லாத ஒருவனின் ஏக்கமாகவே அந்த நீளத்தை என்னால் காண முடிந்தது. ஆயினும் கதாபாத்திரம் பேசுவதும் இயக்குநர் பேசுவதும் வேறு வேறு; சில இடங்களில் இயக்குநரின் குரலே எனக்குக் கேட்டது என்பதில் மாற்றமில்லை.

பெண்களை எழுதிய விதத்தில்தான் ‘லப்பர் பந்து’ எனக்குத் தெளிவாக முந்துகிறது. சுவாசிகா நடித்த யசோதை, கெத்துவின் மனைவி; கணவனின் ஆட்ட வெறிக்கு எதிராக மைதானத்தில் டிராக்டரையே இறக்கிவிடுகிறவள். அதே நேரத்தில் அவள் மீது நமக்கு ஒரு கணமும் வெறுப்பு வருவதில்லை, ஏனெனில் அவளுடைய அன்பும் உழைப்பும் அந்த வீட்டைத் தாங்குவதை முன்பே பார்த்துவிட்டோம். அவளுக்கும் மாமியாருக்கும் இடையிலான பரிவு, நம் திரையில் அரிதாகவே பார்க்கக் கிடைப்பது. ‘மெய்யழகன்’ படத்தில் தேவதர்ஷினியும் ஸ்ரீதிவ்யாவும் நிறைவாகச் செய்திருந்தாலும், அவர்கள் ஆண்களின் உணர்ச்சிக்குத் துணை நிற்பவர்களாகவே இருக்கிறார்கள். இதை நண்பரும் ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுவே முக்கியம். ஓர் அணியில் யாருக்கு இடம் கிடைக்கும் என்பதைத் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை, சாதியும் தீர்மானிக்கிறது என்பதை ‘லப்பர் பந்து’ ஆட்டத்தின் போக்கிலேயே, பிரசங்கம் செய்யாமல் சொல்லிவிடுகிறது. ‘மெய்யழகன்’ காட்டும் ஊரில் எல்லோரும் உறவுக்காரர்கள். யார் வீட்டுக் கதவும் யாருக்கும் சாத்தப்படுவதில்லை. வீட்டைப் பறித்ததும் உறவுதான் என்ற கசப்போடு படம் தொடங்குவதை நண்பர் நினைவுபடுத்தினார். நியாயமான நினைவூட்டல்தான். ஆனால் அந்தக் கசப்பு, கதை வளர வளரக் கரைந்துபோகிறது. உறவு வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கு அந்த ஊர் எப்படி இருக்கும் என்ற கேள்வியைப் படம் எழுப்பவே இல்லை.

பாடல்களைப் பொறுத்தவரை ஒப்பீடு சுருக்கமானது. கெத்து களமிறங்கும்போது ஒலிக்கும் விஜயகாந்த் படப் பாடல் ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’, அவர் மறைந்து ஓராண்டுகூட ஆகாத நேரத்தில் அரங்கையே எழுப்பி நிறுத்தியது. அதைக் கூட்டத்தோடு கேட்க வேண்டும். கோவிந்த் வசந்தா இசையில் கமல்ஹாசன் குரலில் வரும் பாடலைத் தனியாகக் கேட்க வேண்டும். படங்களுக்கும் அதே பரிந்துரைதான்: முதலாவதை நாலு பேரோடும், இரண்டாவதை இரவில் கைப்பேசியை அணைத்துவிட்டும் பாருங்கள். ஒன்றுதான் பார்க்க நேரம் என்பவருக்கு நான் ‘லப்பர் பந்து’ என்பேன்.

நண்பர் இதற்கு மறுமொழியாக எப்போதும் சைக்கிளைத்தான் எடுத்துவைப்பார். அருள் குடும்பம் விட்டுச்சென்ற பழைய சைக்கிள், அந்த உறவுக்காரரின் குடும்பத்தையே நிமிர்த்திவிட்டது. அருளுக்கோ அது நினைவில்கூட இல்லை. அந்த வீட்டில் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தன் பெயரையே வைக்கப்போகிறார்கள் என்று கேட்டபின், உறவுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் அங்கே இருக்கக் கூசி, அருள் விடிவதற்குள் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார். பின்னர் தொலைபேசியில் அந்தப் பெயரைக் கண்டறிந்து சொல்லும் முடிவு தேவையா, அவர் பெயர் தெரியாமலே படம் முடிந்திருக்கலாமே என்று நான் கேட்டேன்.

“உனக்குத் தேவையில்லாமல் இருக்கலாம்; அந்த முனையில் காத்திருந்தவனுக்குத் தேவை,” என்றார் நண்பர். இந்த ஒரு காட்சியில் மட்டும் நான் அவர் பக்கம் போய்விட்டேன்.